டெண்டரில் உள்ளபடி

போன ஆடியில் ஏர்வாடி தாண்டி ஒரு வேலையாகப் போனவன், திரும்பும்போது வண்டியைக் கடற்கரைப் பக்கம் ஒடித்து அந்தக் கருவாட்டுக் கொட்டகையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்திருக்கக் கூடாது. கூரையின் பாலிகார்பனேட் தகட்டில் இரண்டு காற்றோடு போயிருந்தன. மிச்சமிருந்த தகடுகளில், திருகாணி இருந்த இடத்திலிருந்தெல்லாம் வெற்றிலை எச்சில் வழிந்தாற்போலத் துருக்கறை இறங்கியிருந்தது. உள்ளே வலைகள், ஒரு பழைய எஞ்சின், இரண்டு குட்டிகளோடு ஒரு வெள்ளாடு. வாசலில் திட்டத்தின் பெயர், நிதியின் பெயர், தொகை, ஆண்டு எல்லாம் பொறித்த கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. அது கிரானைட். அந்த ஒன்றைத்தான் உப்புக்காற்றுக்குத் தாங்குகிற பொருளில் செய்திருக்கிறோம்.

"செய்திருக்கிறோம்" என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கொட்டகைக்கான டெண்டர் ஆவணத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.

என் பிழைப்பு என்னவென்று என் அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. காண்ட்ராக்ட் எடுக்கிறேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள். மச்சானுக்கு நான் கமிஷன் வாங்குகிறேன் என்று உறுதியான நம்பிக்கை. உண்மையில் நான் காகிதக்காரன். பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சிக்கென்று மேலிருந்து நிதி வரும். அதை வாங்கிச் செலவு செய்ய வேண்டிய அலுவலகங்களில் டெண்டர் எழுதத் தெரிந்தவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களுக்கும் வேறு பத்து வேலை இருக்கும். அப்போது என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். எஸ்டிமேட்டைச் சரிபார்ப்பது, தகுதி நிபந்தனை எழுதுவது, பி.ஓ.க்யூ. என்கிற அளவு-விலைப் பட்டியல் போடுவது, இணையத்தில் ஏற்றுவது, கவர் திறந்ததும் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது. 'கொள்முதல் உதவி' என்று இதற்குப் பெயர். யாருக்கு உதவி என்பதை நான் வெகுநாள் யோசித்ததில்லை.

ராமநாதபுரத்துக்குப் பணம் வராமல் இல்லை. 2018 ஜனவரியில் அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தவை இரண்டுதான், நாமும் விருதுநகரும். மாநிலத்தின் சமச்சீர் வளர்ச்சி நிதி இருக்கிறது. மீன்வளத்துக்கென்று தனிப் பணம். தொண்டிப் பக்கம் வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்கா என்று 2023 செப்டம்பரில் அடிக்கல்லும் நாட்டினார்கள். ஆனால் பணம் வேறு, பணத்தைப் பொருளாக மாற்றுகிற வித்தை வேறு. 'தண்ணியில்லாக் காடு' என்று பெயரெடுத்த ஊருக்கு மாற்றலாகி வரும் அதிகாரி, வந்த நாளிலிருந்து திரும்பிப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரே கோப்பில் மூன்று பேர் கையெழுத்து இருக்கும். அந்த மூவரில் எவரும் அந்தக் கரையில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கிற ஒரு காலத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்.

கொப்பரை

கொட்டகைக் கதைக்கு வருகிறேன். கருவாடு போடும் பெண்கள் குழு ஒன்று. மணலில் காயவைத்தால் மண் ஒட்டுகிறது, நாய் வருகிறது, மழை தூறினால் மொத்தமும் போகிறது. சூரிய உலர்த்தி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கை. 46 லட்சத்துக்கு நிர்வாக அனுமதி வந்தது. வந்தது எப்போது? ஜனவரி கடைசியில். மார்ச் 31க்குள் பணி ஆணை கொடுக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். இந்த ஒரு வரியிலேயே பாதிக் கதை இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாளில் ஆவணம் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை உலர்த்திக்கு எழுதிய ஆவணம் வேர்ட் ஃபைலாக வந்தது. நல்ல ஆவணம்தான். குழாய்ச் சட்டம், பாலிகார்பனேட் கூரை, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தட்டுகள், உள்ளே 60 டிகிரி வெப்பம். 'கொப்பரை' என்று வந்த இடத்திலெல்லாம் 'மீன்' என்று மாற்றினேன். கணினியில் அது ஒரு நிமிட வேலை. தகுதி நிபந்தனைகளை வேறொரு ஆவணத்திலிருந்து எடுத்தேன். எடுக்காதவர் யார்? மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். இதுபோன்ற வேலை, 40 சதவீத மதிப்பில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று செய்திருக்க வேண்டும். 2002 டிசம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வழிகாட்டுதலாகச் சொன்ன கணக்கு அது. எங்கோ பெரிய பெரிய வேலைகளுக்குச் சொன்னது, கைமாறிக் கைமாறி எங்கள் கருவாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு கோடிக்கு உட்பட்ட டெண்டர் என்றால் விதிப்படி குறைந்தது 15 நாள் அவகாசம். அதைக் கொடுத்தோம். எதையும் ஒளிக்கவில்லை. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கேட்கிற அத்தனையும் செய்தோம். என் தவறுகூட அந்தப் பதினைந்து நாளும் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாகத்தான் கிடந்தது.

அந்த மதியம்

எனக்கு உறுத்துவது பிப்ரவரி மாத மதியம் ஒன்று. ப்ரீ-பிட் கூட்டம். டெண்டர் போடப்போகிறவர்கள் சந்தேகம் கேட்கலாம், நாம் பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக யாரும் எதுவும் கேட்பதில்லை. டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு வெளியூரிலிருந்து மூன்று கம்பெனி ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்கள். நான்காவதாகக் கடைசி நாற்காலியில் ஒருவர். கையில் கிரீஸ் கறை போகவில்லை. கடற்கரையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், படகு வேலையெல்லாம் பார்ப்பவர். ஆவணம் முழுவதையும் அச்செடுத்து, ஓரங்களில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நான் உட்பட.

"சார், தட்டு எஸ்.எஸ்.ஸுன்னு போட்டிருக்கு. எந்த எஸ்.எஸ்.? 202-ஆ, 304-ஆ, 316-ஆ?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியாமல் இல்லை; நான் படித்தது இயந்திரவியல். எஸ்.எஸ். என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் சாதி பல. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள், அதனால் மலிவு. வீட்டுப் பாத்திரம், மாடிப்படிக் கைப்பிடி என்றால் போதும். 304 அதைவிட மேல், ஆனால் உப்பு விடாமல் பட்டுக்கொண்டிருந்தால் அதிலும் ஊசி குத்தியதுபோலப் புள்ளி விழும். 316இல் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்வதால் உப்புக்கு ஈடுகொடுக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. உப்பில் ஊறிய மீனை நாள் முழுக்கப் பரப்பிவைக்கும் தட்டுக்கு எது வேண்டும் என்று யோசிக்க இயந்திரவியல்கூட வேண்டாம்.

ஆனால் அந்த நிமிடம் என் மண்டைக்குள் ஓடிய கணக்கு வேறு. 316 என்று சொன்னால் எஸ்டிமேட் ஏறும். ஏறினால் தொழில்நுட்ப அனுமதி மறுபடி வாங்க வேண்டும். திருத்த அறிவிப்புப் போட வேண்டும், கடைசி நாளைத் தள்ள வேண்டும். மார்ச் போய்விடும். பணம் போய்விடும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்:

"டெண்டரில் உள்ளபடி."

பட்டறைக்காரர் தலையாட்டினார், விடவில்லை. "இன்னொண்ணு சார். 22ஆம் பக்கத்துல கொப்பரைன்னு இருக்கே. தேங்காயும் காயப் போடணுமா?"

ஒரு இடம் தப்பிவிட்டிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தட்டச்சுப் பிழை" என்று குறித்துக்கொண்டேன். கூட்டக் குறிப்பில் இரண்டு கேள்வியும் இரண்டு பதிலும் முறையாகப் பதிவாயின. வெளியே போகும்போது அவர் என்னிடம் வந்து, "நான் போடல சார். மூணு வருச டர்ன்ஓவருக்கு நான் எங்க போவேன். தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்" என்றார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தார், டிஜிட்டல் கையொப்பம்கூட வாங்கி வைத்திருந்தார். நான் ஒட்டிய ஒரு பத்தி அவரை வாசலிலேயே நிறுத்தியிருந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்1, அதாவது குறைந்த விலை கேட்டு முதலில் வந்த கம்பெனி எந்த ஏமாற்றும் செய்யவில்லை. எஸ்.எஸ். என்று கேட்டோம், எஸ்.எஸ். கொடுத்தார்கள். 202. ஆய்வுக்குப் போனவர் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை, ஆகவே அசல் என்று எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதினார். 202இலும் காந்தம் அநேகமாக ஒட்டாது என்பது வேறு விஷயம். முதலில் போனது திருகாணி, பிறகு மின்விசிறியின் பேரிங், பிறகு தட்டு. அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. கொப்பரைக்கு 60 டிகிரி சரி. நெத்திலியும் காரலும் 50 டிகிரியைத் தாண்டினால் காய்வதற்குப் பதிலாக வேக ஆரம்பித்துவிடும். குழுவின் மூத்த அம்மா ஒருத்தர் என்னிடம் ஒரு கை நிறைய அள்ளிக் காட்டினார். விரலில் பட்டதும் பொடிந்தது. "வெந்து போச்சு தம்பி. அவிச்ச மீனையா யாவாரி வாங்குவான்? நல்ல வெயில்ல கதவத் தொறந்து போட்டு நாங்க விசிறிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தணிக்கை வந்தது. தோற்றுப்போன கம்பெனி ஒன்றுக்கு ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகையைத் திருப்பிக் கொடுத்ததில் ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி. பதில் கொடுத்தோம், முடிந்தது.

எல்1 மேல் பழி

இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே வருகிற தீர்ப்பு: "மலிவா எடுத்தா இப்படித்தான். எல்1 முறையே தப்பு." நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மேலிருந்து பழியை இறக்கிவைக்க வசதியான இடம். இப்போது அப்படி நினைக்கவில்லை. 316 என்று எழுதி, 50 டிகிரிக்கு மேல் போகாத காற்றோட்டம் என்று எழுதி, அதற்கு எவன் குறைவாகக் கேட்கிறானோ அவனுக்குக் கொடுத்தால் என்ன குறை? குறைந்த விலைக்கு வாங்குவது குற்றமில்லை. என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் குறைந்த விலைக்கு வாங்குவதுதான் வினை. கடையில் போய் "ஒரு செருப்பு கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடித்தால் கடைக்காரனைத் திட்டுகிற கதை. விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடலாம் என்று 2021 அக்டோபரில் மத்திய நிதித்துறை வேலை ஒப்பந்தங்களுக்கும் வழி திறந்தது, அதிகபட்சம் 30 சதவீத மதிப்பெண். வரவேற்கிறேன். ஆனால் எதற்கு மதிப்பெண் என்று எழுதப்போவதும் இரண்டு நாள் அவகாசத்தில் பொள்ளாச்சி ஃபைலைத் திறக்கிற இன்னொரு நான்தானே.

பெரிய திட்டங்களிலும் இதே கதையின் பெரிய வடிவத்தைப் பார்க்கிறேன். பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டத்துக்கு 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் ஆணை வழங்கினார். படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. பங்கீடு அவ்வளவு கச்சிதம். ஆனால் காகிதத்தில் 80 என்று நின்றுவிட்ட எண்ணுக்காகப் படகு கட்டும் செலவு நிற்குமா? பின்னால் வந்த மத்ஸ்ய சம்பதா என்ற மத்திய மீன்வளத் திட்டத்தில் அதே வகைப் படகுக்கு அலகு விலையை 1 கோடியே 20 லட்சமாக வைத்தார்கள். ஒரு எண்ணை யார், எப்போது, யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதில்தான் நடுக்கடல் வரைக்கும் எல்லாம் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் படகுக்காரர் ஒருவரிடம் இதைப் பேசினேன். "கையெழுத்துப் போடத்தான் எங்களக் கூப்புடுவாக, கணக்குப் போட இல்ல" என்றார்.

எப்போது தொடங்குவது

கொள்முதல் உதவி என்று என்னைக் கூப்பிடுகிற நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கிறது. தொகை முடிவாகிவிட்டது, தேதி முடிவாகிவிட்டது, பொருளின் பெயரும் முடிவாகிவிட்டது. எனக்கு மிச்சமிருப்பது வாக்கியங்களை ஒட்டுவது. இந்த உதவி ஒரு பருவம் முன்னால் தொடங்க வேண்டும் என்பது இப்போது என் பிடிவாதம். தென்கடல் கரையில் ஒரு பொருள் வைக்கப்போகிறோம் என்றால் அதன் மாதிரி ஒன்று ஒரு கச்சான் காலத்தையாவது அங்கே நின்று பார்க்கட்டும். பெரிய செலவில்லை, ஒரு சட்டம், மூன்று வகைத் தட்டு, பத்துத் திருகாணி. எது கறுக்கிறது என்று அந்தப் பெண்களே சொல்லிவிடுவார்கள். எழுதிய விவரக்குறிப்பைத் தமிழில் அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு இணையத்தில் ஏற்றலாம். எந்தச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. ஆனால் கேட்கிறபோதெல்லாம் "அதுக்கெல்லாம் ஏது சார் டைம்" என்பார்கள். டைம் இல்லைதான். அந்தக் கொட்டகையில் வெள்ளாட்டுக்கு மட்டும் இருக்கிறது.

உதவியின் இன்னொரு பாதி டெண்டர் போடுகிறவருக்கானது. அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கடற்கரையோரம் எத்தனையோ பட்டறைகள் இருக்கின்றன. எந்த ஆணி எத்தனை மாதம் தாங்கும் என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள். 46 லட்சத்தை மூன்று வேலையாகப் பிரித்திருந்தால், அல்லது நான் அந்த விற்றுமுதல் பத்தியை ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அவர்களில் இரண்டு பேராவது உள்ளே வந்திருப்பார்கள். பிரிப்பதிலும் வம்பு இருக்கிறது. அனுமதி வரம்பிலிருந்து தப்பிக்கத்தான் பிரித்தார்கள் என்று நாளைக்குக் கேள்வி வரும். எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நாங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வெளியூர்க் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

அந்த ஆடி மாதப் பயணத்தில் கொட்டகையைப் பார்த்ததோடு நான் திரும்பிவிடவில்லை. கொட்டகைக்குப் பின்னால், பனைகளுக்கு இந்தப் பக்கம், இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பந்தல்கள் நின்றன. சவுக்குக் கம்பு நட்டு, மேலே பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டி, அதில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மண் ஒட்டவில்லை, நாய்க்கு எட்டவில்லை. மழை வந்தால் இழுத்து மூட ஒரு ஓரமாகத் தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டேன். லேத் பட்டறைக்காரர்தான். முடிச்சுக்கு ஆணியே கிடையாது, எல்லாம் கயிறு. பட்டறைக்குப் போனேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். டீ வந்தது. கொட்டகையைப் பற்றி அவர் பேச்செடுக்கவே இல்லை. நானாகத்தான், "அன்னைக்கு நீங்க கேட்டீங்கண்ணே, நான் சரியா பதில் சொல்லல" என்றேன். கடைசல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "உங்களுக்கு மார்ச்சு சார், பாவம்" என்றார்.

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. வேறொரு கடலோர மாவட்டத்தில் என்னைப் போலவே காகித வேலை பார்க்கும் பையன். "அண்ணே, மீன் உலர்த்திக்கு நீங்க ஒரு டெண்டர் டாக்குமெண்ட் போட்டிருந்தீங்களாமே, வேர்ட் ஃபைல் இருக்கா? ரெண்டு நாள்ல ஏத்தணும்."

அந்த ஃபைலைத் திறந்தேன். 22ஆம் பக்கத்தில் கொப்பரை அப்படியே இருந்தது.

"அனுப்புறேன். அதுக்கு முன்னாடி ஒரு நம்பர் தர்றேன், அவருகிட்ட அரை மணி நேரம் பேசிட்டு எனக்குக் கூப்பிடு."

"யாருண்ணே, சப்ளையரா?"

"இல்ல. டெண்டர் போடாத ஆளு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிண்ணே, நம்பரையும் அனுப்புங்க. ஃபைல மொதல்ல அனுப்பிவிட்டுருங்க" என்றான்.